புது மாடலா, புதுப் பெயிண்ட்டா? ஸ்லாட் கார் கம்பெனிகளை ஒப்பிட்டு வாங்குவது எப்படி

ஸ்லாட் கார், அதாவது தடத்தின் பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார், இதன் பக்கம் புதிதாக வருகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி? இதற்குச் சட்டென்று பதில் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அவர் தன் தடத்தில் நன்றாக ஓடுகிற காரைச் சொல்வார், உங்கள் தடம் வேறாக இருக்கும். நானும் தொடங்கிய புதிதில் படத்தைப் பார்த்து மயங்கி ஒரு கார் வாங்கினேன். ஓட்டுநரின் ஹெல்மெட்டில் இருந்த கோடு வரைக்கும் தெரிந்தது, அப்படி ஒரு வேலைப்பாடு. தடத்தில் வைத்தால், பள்ளத்துக்குள் இறங்கும் கைடு அதன் அடியில் இடித்துக்கொண்டு முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. கார் மேல் ஒரு தவறும் இல்லை, வேறு ஆழமுள்ள பள்ளத்துக்குச் செய்த கார் அது, பார்க்காமல் வாங்கியது நான்.

அதனால் இந்தக் கட்டுரையில் கம்பெனி பேச்சு கொஞ்சம் பின்னால்தான் வரும். முதலில் தடம், பிறகு காந்தம், அப்புறம்தான் கார்.

முற்றிலும் புதியவர்களுக்கு இரண்டு வரி. தடத்தில் ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் பள்ளத்துக்குள் இறங்கும் சின்னத் துடுப்பு போன்ற ஒன்று இருக்கிறது, அதுதான் கைடு. அதன் இரு பக்கமும் பின்னல் கம்பி, அதற்குப் பெயர் பிரெய்டு, பட்டையிலிருந்து மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோவது இதுதான். கையில் கன்ட்ரோலர், விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் எவ்வளவு விடலாம், எங்கே விரலை எடுக்க வேண்டும் என்பதுதான் ஆட்டமே.

முதல் படி: தடத்தையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

அளவு என்றால் நிஜக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. நாலரை மீட்டர் நீளமுள்ள நிஜக் கார் 1:32 அளவில் 14 செ.மீ. வரும், 1:24-இல் கிட்டத்தட்ட 19 செ.மீ., 1:43-இல் பத்தரை, 1:64-இல் 7 செ.மீ. வீட்டுக்குள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இருப்பது 1:32-இல். கம்பெனிகளும் மாடல்களும் அதிகம் கிடைப்பதும் இதில்தான், எனவே இனி நான் சொல்வது பெரும்பாலும் இந்த அளவைப் பற்றியே. மேசை மேல் அடங்கும் இடம்தான் இருக்கிறது என்றால் ஹெச்ஓ எனப்படும் சின்ன அளவு இருக்கிறது. ஏஎஃப்எக்ஸ், ஆட்டோ வேர்ல்ட் இரண்டும் அதில் முக்கியப் பெயர்கள், ஆனால் அது தனி உலகம், தனியாக எழுத வேண்டியது.

அடுத்தது தடத்தின் அகலம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் தடத்தில் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே சுமார் 78 மி.மீ., நின்கோவில் சுமார் 90, கரேராவில் 100-ஐ ஒட்டி வரும். வெறும் எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. ஆனால் ஜிடி என்ற பந்தய வகையின் அகலமான இரண்டு கார்களை ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வளைவில் பக்கம் பக்கமாக விட்டுப் பாருங்கள், உள்ளே போகிற காரின் வால் வெளியே வீசியதும் பக்கத்துக் கார் பறக்கும். கரேரா தடத்தில் 1:24 கார்களும் ஓட வேண்டியிருப்பதால் அகலம் தாராளம், அதே காரணத்தால் அறையில் இடமும் அதிகம் பிடிக்கும். கரேராவின் பள்ளம் ஆழம். அதன் கைடும் அதற்கேற்ப நீளம், அந்தக் காரை ஆழம் குறைந்த தடத்துக்குக் கொண்டுவந்தால் கைடை மாற்ற வேண்டும் அல்லது அடியைக் கொஞ்சம் சீவ வேண்டும். என் முதல் காரின் கதை இதுதான்.

அனலாக்கா, டிஜிட்டலா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். அனலாக்கில் ஒரு பள்ளத்துக்கு ஒரு கார். டிஜிட்டலில் ஒரே பள்ளத்தில் பல கார்கள், பொத்தானை அழுத்தித் தடம் மாறி முந்தலாம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிஜிட்டல், கரேரா டிஜிட்டல் 132 இரண்டிலும் ஆறு பேர் வரை ஓட்டலாம், ஸ்லாட்.இட் கம்பெனியின் ஆக்சிஜன் முறையில் இருபது கார் வரை போகலாம். சிக்கல் என்னவென்றால் இவை ஒன்றுக்கொன்று பேசாது, ஒரு கம்பெனியின் சிப் (காருக்குள் இருந்து கன்ட்ரோலரின் கட்டளையைப் படிப்பது) இன்னொன்றின் தடத்தில் வேலை செய்யும் என்று நம்பிக் கார் வாங்கிவிடாதீர்கள். சிப்பே இல்லாத அனலாக் காரை டிஜிட்டல் தடத்தில் வைக்கவும் கூடாது. தடத்தில் மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், கன்ட்ரோலர் சொல்வதைப் புரிந்துகொள்ள அந்தக் காரில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: காந்தம் வேண்டுமா வேண்டாமா

மோட்டார் எத்தனை சுற்று என்பதைவிட ஒரு காரின் குணத்தை அதிகம் மாற்றுவது அதன் அடியில் இருக்கும் ஒரு சின்னக் காந்தம்தான். தடத்தின் பட்டை இரும்புக் கலப்பு உலோகம் என்பதால் காந்தம் காரைக் கீழே இழுத்துப் பிடிக்கும், வளைவில் பறக்காது. சிறுவர்களுக்கும் முதல் வாரத்துக்கும் இது வரம். கொஞ்ச நாள் கழித்து ஒரு சலிப்பு வரும்: கார் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும், ஒட்டிக்கொண்டே போகும், பிடி விடுகிற கணத்தில் எச்சரிக்கையே இல்லாமல் சுவரில் மோதும். காந்தத்தைக் கழற்றிவிட்டால் வால் வீசும், சறுக்கும், விரலுக்கு வேலை வரும். ஆனால் அப்போது டயர், எடை, சேஸி எனப்படும் அடித்தட்டு எல்லாமே சரியாக இருந்தாக வேண்டும், அதுவரை காந்தம் மறைத்து வைத்திருந்த குறை எல்லாம் வெளியே வந்துவிடும்.

கம்பெனிகளை ஒப்பிடும் விமர்சனங்களைப் படிக்கும்போது, அவர் காந்தத்தோடு ஓட்டினாரா இல்லாமலா என்று முதலில் தேடுங்கள். அது சொல்லப்படாத விமர்சனத்தில் உள்ள சுற்று நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மரப்பலகையில் பள்ளம் வெட்டிச் செம்புப் பட்டை ஒட்டிய தடம் என்றால் கேள்விக்கே இடமில்லை, செம்பைக் காந்தம் பிடிக்காது.

மூன்றாம் படி: யார் யார், எதற்காகக் கார் செய்கிறார்கள்

கம்பெனிகளை நான் மனதுக்குள் மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இது என் பிரிவு, வேறு ஆள் வேறு மாதிரி பிரிப்பார்.

முதல் கூட்டம், தடமும் காரும் சேர்த்துப் பெட்டியாக விற்பவர்கள். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது, பல ஆண்டுகள் ஹார்ன்பி கம்பெனியின் கையில் இருந்தது. கரேரா 1963-இல் ஜெர்மனியில் தொடங்கியது. ஸ்பெயினில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பெயரையே உரிமம் வாங்கிச் செய்தவர்கள் வெளிநாடுகளில் எஸ்சிஎக்ஸ் என்ற பெயரில் விற்றார்கள். ஒரே பெயர், இரண்டு வேறு கம்பெனி என்பதால் பழைய கார் வாங்கும்போது பலரும் குழம்புவது இங்கேதான். இவர்களுடைய கார்கள் பெட்டியிலிருந்து எடுத்ததும் காந்தத்தோடு ஓடும், விழுந்தால் தாங்கும், பக்கக் கண்ணாடியும் இறக்கையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் பல கார்களின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து சிப்பைச் செருகினால் அனலாக் கார் டிஜிட்டல் ஆகிவிடும், சால்டரிங் வேண்டாம். ஃபார்முலா வகை ஒல்லிக் கார்களுக்கு வேறு அளவு சிப், மாற்றி வாங்கிவிட வேண்டாம். கரேராவில் அனலாக் வரிசைக்கு எவலூஷன் என்று பெயர், 1:43 அளவுச் சின்னக் கார்களின் வரிசைக்கு கோ என்று பெயர்.

இரண்டாம் கூட்டம், பந்தயத்துக்காகவே செய்பவர்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். ஸ்லாட்.இட் உதிரிபாகம் விற்றுத் தொடங்கி, பிறகு 80-களின் குரூப் சி என்ற பந்தய வகைக் கார்களில் பெயர் எடுத்தது. போலிகார் என்ற பழைய இத்தாலியப் பெயரையும் அதுவே மீட்டெடுத்து, அதில் பழைய ஃபார்முலா 1 கார்களைச் செய்கிறது. என்எஸ்ஆர் வாங்கினால் ஏறத்தாழ அப்படியே பந்தயத்தில் விடலாம், பாடி மெலிசு, எடை குறைவு. தண்டர்ஸ்லாட் 60-களின் லோலா, மெக்லாரன் மாதிரி கார்களில் நிற்கிறது. சைட்வேஸ் பெட்டிபோல அகன்ற குரூப் 5 என்ற பந்தய வகைக் கார்களைச் செய்கிறது. ரெவோஸ்லாட் உலோகச் சேஸியோடு 90-களின் ஜிடி கார்களைத் தருகிறது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். இந்தக் கூட்டத்தின் கார்களில் மோட்டாரைத் தாங்கும் தொட்டில் தனித் துண்டு, திருகைத் தளர்த்தினால் அது கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டம்தான் காரைச் சாலையில் ஒட்ட வைக்கிறது. புதியவர் ஒருவர் அந்தத் திருகை எல்லாம் இறுக்கி முறுக்கிவிட்டுக் கார் சரியில்லை என்று சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அழகுக்காகச் செய்பவர்கள். 90-களில் ஸ்பெயினின் ஃப்ளை வந்தபோது உள்ளே இருக்கை, எஞ்சின் எல்லாம் செதுக்கிக் காட்டினார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் தரத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. பயனியர் அமெரிக்க மஸ்டாங், சார்ஜர் பக்கம். இவற்றில் பல காரை அலமாரியில் வைக்கவே மனம் வரும்.

பழைய நின்கோ கார்கள் கைமாறிக் கிடைத்தால் விடாதீர்கள், உறுதியான கார்கள், டயர் மட்டும் காய்ந்து போயிருக்கும்.

நான்காம் படி: புது வெளியீட்டு அறிவிப்பைப் படிப்பது

ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பு மழை. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வழக்கமாக ஜனவரியை ஒட்டி ஆண்டு வரிசையைச் சொல்லும், கரேராவின் புதியவை நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சிக் காலத்தில் வெளியே வரும், இத்தாலியர்கள் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்கள். அறிவித்த அன்றே கடையில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பல மாதம் ஆகும், சில கார் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது புது வார்ப்பு அச்சா, பழைய அச்சில் புதுப் பெயிண்ட்டா? ஊசிவார்ப்பு அச்சு செய்வதுதான் பெரிய செலவு. அதனால் ஒரு தடவை அச்சு செய்துவிட்டால் அதே காரைச் சிவப்பு, நீலம், மழைப் பந்தய அழுக்கு என்று வருடக்கணக்கில் விடுவார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெயிண்ட் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் புதுப் பெயிண்ட் வந்ததால் பழைய மாடலைவிட நன்றாக ஓடும் என்று எதிர்பார்ப்பது வீண். பழைய அச்சு என்றால் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது: அந்தக் கார் எப்படி ஓடும், எது உடையும், எந்த டயர் பொருந்தும் என்பது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். முதல் காருக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆறேழு பெயிண்ட் மாறிய அச்சைத் தேர்ந்தெடுங்கள்.

புது அச்சா என்று கண்டுபிடிக்கப் படத்தையே உற்றுப் பாருங்கள். கணினியில் வரைந்த படம் மட்டும் இருந்தால் கார் இன்னும் பிறக்கவில்லை. பெயிண்ட் இல்லாத ஒற்றை நிற பிளாஸ்டிக் உடல், இறக்கை ஓரத்தில் பிசிறோடு, மேசை மேல் வைத்து எடுத்த படம் என்றால் அச்சு தயார், சோதனை வார்ப்பு வந்துவிட்டது. பெயிண்ட் அடித்த மாதிரி என்றால் நெருங்கிவிட்டது. நேரே பெயிண்ட்டோடு முதல் படம் வந்தால் பெரும்பாலும் பழைய அச்சுதான்.

பட்டியல் எண்ணும் பேசும். ஸ்லாட்.இட் கார்களுக்கு சிஏ என்று தொடங்கி ஒரு எண், கடைசியில் ஒரு எழுத்து. எண் எந்தக் கார் என்பதையும் கடைசி எழுத்து அதன் எத்தனையாவது வண்ணம் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடும், ஏ என்று முடிந்தால் அந்த வரிசையில் முதல் கார். என்எஸ்ஆர் பெட்டியில் எஸ்டபிள்யூ, ஏடபிள்யூ, ஐஎல் என்று இருக்கும், மோட்டார் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதைச் சொல்லும் எழுத்துகள் இவை. கரேராவில் முன்னால் வரும் 200-ஐ விட்டுவிட்டுப் பாருங்கள்: பொதுவாக 27 என்றால் எவலூஷன், 30, 31 என்றால் டிஜிட்டல் 132, 64 என்றால் கோ. அழகான கார் என்று வாங்கிவந்து வீட்டில் பெட்டியைத் திறந்தபின் அளவே வேறு என்று தெரிவதைவிட இந்த இரண்டு எண்ணைப் பார்ப்பது சுலபம்.

மோட்டார் பொருத்தும் முறை என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காரின் நீளவாக்கில் மோட்டார் இருந்தால் இன்லைன், ஒல்லியான ஃபார்முலா காருக்கும் குரூப் சி காருக்கும் அதுதான் வசதி. பின்சக்கரங்களின் அச்சுத்தண்டுக்கு இணையாகக் குறுக்கே இருந்தால் சைட்வைண்டர், எடை பின்சக்கரத்துக்கு அருகே போகும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக இருந்தால் ஆங்கிள்வைண்டர், பந்தயக்காரர்களின் செல்லம். எது சிறந்தது என்று கேட்டால் வளைவிலிருந்து வெளியே வருகிற விதம் மூன்றிலும் வேறு, விரல் எதற்குப் பழகுகிறதோ அதுதான்.

அப்புறம் அந்தச் சுற்று எண்ணிக்கை. பெட்டியில் மோட்டார் நிமிடத்துக்கு 18,000, 21,000 சுற்று என்று போட்டிருக்கும். எந்த வோல்ட்டில் என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள், பெரும்பாலும் 12 வோல்ட் கணக்கு. 12-இல் 18,000 சுற்றுகிற மோட்டாரை கரேரா எவலூஷனின் 14.8 வோல்ட்டில் விட்டால் தோராயமாக 22,000-ஐத் தாண்டும். நண்பர் வீட்டில் சாதுவாக ஓடிய கார் உங்கள் வீட்டில் ஏன் பேய் பிடித்ததுபோல் ஓடுகிறது என்பதற்கு விடை பல சமயம் இதுதான்.

ஐந்தாம் படி: கையில் வந்ததும்

பெட்டியில் காரை அடியிலிருந்து பிடித்திருக்கும் திருகைக் கழற்றி எடுங்கள், இழுத்தால் பக்கக் கண்ணாடி போய்விடும். காரைத் தலைகீழாகத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடியுங்கள். கைடு இரு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறதா? பிரெய்டு தட்டையாகப் படிந்திருக்கிறதா, இல்லை கற்றாழை முள்போல் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தூக்கி நின்றால் முன்பக்கம் மிதக்கும், விரல் நகத்தால் நீவித் தட்டையாக்குங்கள், நுனியை மட்டும் லேசாக விரித்துவிடுங்கள்.

அடுத்து ஒரு கண்ணாடித் துண்டு, அல்லது நிச்சயமாகச் சமதளமான எதாவது ஒன்று. காரை அதன்மேல் வைத்து ஒவ்வொரு மூலையாக விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் சேஸி முறுக்கியிருக்கிறது அல்லது ஒரு சக்கரம் வட்டமாக இல்லை. பின் அச்சுத்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய இடைவெளி இருக்கலாம், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாடித் திருகைக் கழற்றினால் எத்தனை சுற்று கழற்றினோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது இறுகியபின் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். பாடி சேஸி மேல் லேசாக மிதக்க வேண்டும், காதருகே குலுக்கினால் மெல்லிய கடகடப்புக் கேட்கும். காந்தம் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு இந்த அரைச் சுற்று புது மோட்டாரைவிடப் பெரிய மாற்றம், நம்பாவிட்டால் ஒருமுறை இறுக்கியும் ஒருமுறை தளர்த்தியும் ஓட்டிப் பாருங்கள்.

டயர்: முதல் ஓட்டத்துக்கு முன் ஈரத் துணியால் துடையுங்கள், அச்சில் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும்.

ஆறாம் படி: நேர்மையான ஒப்பீடு

இரண்டு கம்பெனிக் கார்களை ஒப்பிட வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். ஒரே பள்ளம், ஒரே வோல்ட், ஒரே கன்ட்ரோலர். உள்பள்ளத்தில் ஒன்றையும் வெளிப்பள்ளத்தில் ஒன்றையும் விட்டுவிட்டு இதுதான் வேகம் என்று சொல்லக் கூடாது. முதல் பத்துச் சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள், டயர் சூடேறட்டும், பிரெய்டு படியட்டும். பிறகு இருபது சுற்று ஓட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மின்னல் சுற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருபதின் சராசரியும் எத்தனை முறை தடத்தை விட்டுப் பறந்தது என்பதும்தான் பார்க்க வேண்டியவை. பிறகு இரண்டு காரிலும் காந்தத்தைக் கழற்றிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். முதல் அட்டவணையில் ஜெயித்த கார் இரண்டாவதில் தோற்பது சகஜம், என் நோட்டுப் புத்தகத்தில் இப்படித் தலைகீழான ஜோடிகள் நிறைய இருக்கின்றன. வேகமான காரை விட்டுவிட்டு இருபது சுற்றும் ஒரே மாதிரி ஓடிய காரை அடுத்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள், புதியவர் ஓட்டினாலும் அது தடத்திலேயே நிற்கும்.

கடைசியாக உதிரிபாகம். காரை ஆர்டர் செய்யும் அன்றே அதே மாடலுக்கு ஒரு கைடு, ஒரு ஜோடி பிரெய்டு, ஒரு ஜோடிப் பின் டயர், பின் இறக்கை கிடைத்தால் அதுவும் சேர்த்து வாங்கிவிடுங்கள். புது அச்சு என்றால் உதிரிபாகம் காருக்குச் சில மாதம் பின்னால்தான் வரும். முதல் வாரத்தில் உடைவது எப்போதும் இறக்கையும் பக்கக் கண்ணாடியும்தான், அதனால் நான் புதுக் கார் வந்ததும் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு, பெட்டியின் அடியிலேயே ஒட்டி வைத்துவிடுகிறேன்.